இணைய ஏலத்தில் கேம் அண்ட் வாட்ச் வாங்குவது

"செல் கைவசம் இல்லாததால் ஓட்டிப் பார்க்கவில்லை." பழைய கையடக்க கேம்களை இணைய ஏலத்தில் தேடுகிறவர்கள் இந்த வரியைப் படித்துப் படித்துச் சலித்திருப்பார்கள். நிண்டெண்டோவின் கேம் அண்ட் வாட்ச் வரிசையில் பெரும்பாலான கருவிகளுக்கு வேண்டியது இரண்டு பட்டன் செல்கள்தான். சிறிய ரகங்களுக்கு எல்.ஆர்.43, இரட்டைத் திரை ரகங்களுக்கு எல்.ஆர்.44. எந்த ஊரிலும் கடிகாரக் கடையில் அற்ப விலைக்குக் கிடைக்கும். நூறு டாலருக்கு விற்க நினைக்கும் பொருளில் அந்தச் செல்லைப் போட்டுப் பார்க்காமல் ஒருவர் விளம்பரம் கொடுக்கிறார் என்றால், பெரும்பாலும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படி எழுதியிருக்கிறார்.

உண்மையிலேயே ஒன்றும் தெரியாத விற்பனையாளர்களும் உண்டு. தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்கிறவர்கள், வீட்டுச் சாமான்களை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்கிறவர்கள். ஆனால் வாங்குகிற நமக்கு இந்த இரு சாராரையும் பிரித்துப் பார்க்க வழியில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றுதான்: விற்பவர் எழுதியதை வைத்து விலை போடாதீர்கள். அவர் எழுதாமல் விட்டதை, படம் எடுக்காமல் விட்ட பக்கத்தை வைத்து விலை போடுங்கள். "ஓட்டிப் பார்க்கவில்லை" என்றால் "ஓடாது" என்று எடுத்துக்கொண்டு, ஓடாத கருவிக்கு என்ன கொடுப்பீர்களோ அதை மட்டும் கேளுங்கள். ஓடினால் லாபம்.

எது அரிது, எது அரிதல்ல

கன்பெய் யோகோய் வடிவமைத்த கேம் அண்ட் வாட்ச் வரிசை 1980 ஏப்ரலில் 'பால்' என்ற விளையாட்டோடு தொடங்கி, 1991இல் 'மரியோ தி ஜக்லர்' உடன் முடிந்தது. கடைகளுக்கு வந்தவை 59 விளையாட்டுகள். உலகம் முழுவதும் விற்றவை 4 கோடியே 34 லட்சம். ஏலப் பக்கத்தில் 'மிக அரிது' என்ற சொல்லைப் பார்க்கும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அரிதான ஒன்று உண்டு: 1987இல் ஒரு போட்டிக்குப் பரிசாக மட்டும் 10,000 எண்ணிக்கையில் கொடுக்கப்பட்ட, மஞ்சள் பெட்டியில் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'. கண்ணாடி போன்ற திரை கொண்ட 'கிரிஸ்டல் ஸ்கிரீன்' ரகங்களும் குறைவாகவே கண்ணில் படும். 'டாங்கி காங்', 'ஆக்டோபஸ்', 'பாரசூட்', 'ஃபயர்' போன்றவை அரிதே அல்ல. அவற்றில் அரிதானது நல்ல திரை, நல்ல செல் மூடி, கீறாத முகப்பு.

ஆகவே இன்று போனால் போகட்டும், அடுத்த மாதம் இன்னொன்று வரும். இந்தத் துறையில் பணத்தை இழந்தவர்கள் பெரும்பாலும் பொருள் தெரியாமல் இழந்தவர்கள் அல்ல, காத்திருக்க முடியாமல் இழந்தவர்கள்.

நடப்பு விலையைத் தெரிந்துகொள்ள, விற்பனைக்கு வைத்திருக்கும் விலைகளைப் பார்க்காதீர்கள். அவை ஆசைகள். ஈபேயில் 'விற்றுப்போனவை' என்று வடிகட்டினால் கடந்த 90 நாட்களில் உண்மையில் கைமாறியவை வரும். அதிலும் அடித்துக் காட்டியிருக்கும் விலை, பேரம் பேசி அதைவிடக் குறைவாக முடிந்த விலை. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

தேடலிலேயே ஒரு தொல்லை உண்டு. நிண்டெண்டோ 2020இலும் 2021இலும் கேம் அண்ட் வாட்ச் என்ற அதே பெயரில் வண்ணத் திரையோடு 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்', 'ஸெல்டா' கருவிகளை வெளியிட்டது. 1990களின் இறுதியில் சாவிக்கொத்து அளவில் 'மினி கிளாசிக்ஸ்' வந்தன. பெயரைத் தட்டினால் பழையதற்குப் பதில் இவைதான் வந்து குவியும். மாடல் எண்ணைத் தட்டுங்கள். 'டாங்கி காங்' என்றால் டி.கே.-52, 'ஆயில் பேனிக்' ஓ.பி.-51, 'பாரசூட்' பி.ஆர்.-21, 'ஆக்டோபஸ்' ஓ.சி.-22. எழுத்துப் பிழையோடும் தேடிப் பாருங்கள். நிண்டெண்டோவைத் தப்பாக எழுதியவரின் விளம்பரம் மற்றவர்கள் கண்ணில் படாமல் கிடக்கும். நல்ல கருவிகள் சில மலிவாகக் கிடைப்பது இந்த வழியில்தான்.

திரை

பணம் முழுவதும் திரையில்தான் இருக்கிறது. உடம்பு கீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளலாம், பித்தான் அழுந்தவில்லை என்றால் திறந்து சுத்தம் செய்யலாம். திரை போனால் அதே மாடலின் இன்னொரு கருவியிலிருந்து எடுத்துப் போடுவதைத் தவிர வழியில்லை. இந்தத் திரைகளில் வரும் உருவங்கள் புள்ளிகளால் ஆனவை அல்ல. டாங்கி காங் கை தூக்குவது ஓர் உருவம், இறக்குவது இன்னோர் உருவம் என்று ஒவ்வொன்றும் கண்ணாடிக்குள் தனியாக அச்சானது. பொதுவான மாற்றுத் திரை என்று ஒன்று கிடையாது.

திரைக் கோளாறுகள் மூன்று விதம். விலை போடுமுன் எது என்று தெரிந்தாக வேண்டும்.

ஓரத்திலிருந்து மை கசிந்ததுபோல் கறுப்புத் திட்டு பரவியிருந்தால், கண்ணாடி விரிசல் விட்டோ ஒட்டு விட்டோ உள்ளிருக்கும் திரவப் படிகம் வெளியேறிவிட்டது. இதற்கு மருந்தில்லை. "சிறிய கறை, விளையாட்டைப் பாதிக்காது" என்று எழுதியிருந்தாலும் அந்தக் கறை வளரக்கூடியது.

திரை முழுவதும் மஞ்சளாகவோ ஊதாவாகவோ மங்கியிருந்தால், அல்லது வெயிலில் வெந்ததுபோல் நடுவில் திட்டு இருந்தால், கெட்டது பெரும்பாலும் கண்ணாடிமேல் ஒட்டியிருக்கும் போலரைசர் படலம். அதை உரித்து, பசையைத் துடைத்து, புதுப் படலத்தைச் சரியான கோணத்தில் வெட்டி ஒட்டினால் திரை புதிதுபோல ஆகிவிடும். கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இது ஒரு மாலை வேலை. இப்படிப்பட்டவற்றைப் பழுது விலைக்கு வாங்குவது நல்ல வாய்ப்பு.

சில உருவங்கள் மட்டும் வரவில்லை, அல்லது ஒரு பட்டை முழுவதும் மங்கலாகத் தெரிகிறது என்றால், திரைக்கும் போர்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்புப் பட்டையில் அழுக்கு சேர்ந்திருக்கலாம். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே பல சமயம் சரியாகும். சரியாகாமலும் போகலாம் என்பதையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டிய படம் இது: செல் போட்டு, பின்புறமோ ஓரத்திலோ 'ஏ.சி.எல்.' என்று குறித்திருக்கும் சின்னத் துளையில் ஊசி முனையால் அழுத்திப் பிடித்தபடி திரையை எடுத்த படம். அப்படி அழுத்தும்போது எல்லா உருவங்களும் ஒரே நேரத்தில் தெரியும். எது இல்லை, எது மங்கல் என்று ஒரே பார்வையில் புரிந்துவிடும். பட்டியலில் 'வேலை செய்கிறது' என்று எழுதியவரில் பலர், மணி ஓடுவதைப் பார்த்ததோடு நின்றவர்கள். மணி ஓடுவது வேறு, விளையாட்டு முழுமையாக இருப்பது வேறு. கேட்ட படத்தை அனுப்ப மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மடிக்கும் இரட்டைத் திரை ரகங்களில் இன்னொரு இடம் உண்டு. மேல் திரைக்குப் போகும் மெல்லிய கேபிள் கீல் வழியாகப் போகிறது. நாற்பது ஆண்டுகள் திறந்து மூடியதில் கீல் வெடித்திருக்கும், அல்லது கேபிள் நைந்திருக்கும். இரண்டு திரையிலும் உருவங்கள் தெரிவதை ஒரே படத்தில் காட்டச் சொல்லுங்கள். கீழ்த் திரையை மட்டும் நெருக்கமாக எடுத்த படம் போட்டிருந்தால் மேல் திரை இல்லை என்று கணக்கிடுங்கள்.

மறுபக்கமாக, குறையே இல்லாத கருவியைக் குறையென்று எழுதி விற்பவர்களும் உண்டு. 1983இல் வந்த 'டேபிள்டாப்' ரகங்களில் விளக்கு கிடையாது. மேலே உள்ள வெள்ளைப் பலகை வழியாக வெளி வெளிச்சம் உள்ளே வந்தால்தான் வண்ணத் திரை தெரியும். இருட்டறையில் வைத்துப் பார்த்துவிட்டு "திரை மிக மங்கல்" என்று எழுதியிருப்பார்கள். இப்படிப்பட்ட விளம்பரத்தை விடாதீர்கள்.

செல் அறை

மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, இங்கே செல் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். ஏலப் படங்களில் நூற்றுக்குத் தொண்ணூறு மூடி மூடியே இருக்கும். மறந்துபோய் உள்ளேயே விட்ட காரச் செல் கசிந்து, காற்றுப் பட்டு, வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்துப்போயிருக்கும். தகட்டோடு நின்றிருந்தால் வினிகரைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, ஆல்கஹால் போட்டுக் காயவைத்தால் போதும். போர்டுக்குள் இறங்கியிருந்தால் செப்புத் தடங்களை அரித்திருக்கும். அது வேறு வேலை, வேறு விலை.

மூடியே இல்லாத கருவிகள் ஏராளம். முப்பரிமாண அச்சில் செய்த மாற்று மூடிகள் விற்கிறார்கள். போட்டு விளையாட அது போதும். ஆனால் மாற்று மூடி போட்டதை 'முழு அசல்' என்று விற்பது பொய். மூடியின் உள்பக்கத்தைப் படம் எடுக்கச் சொன்னால் அச்சுக் கோடுகள் காட்டிக்கொடுக்கும். பெட்டிகளும் அப்படியே: பழைய பெட்டியைப் படியெடுத்து அச்சடித்தவை சந்தையில் நிறைய உலவுகின்றன. பெட்டிக்காக விலை கூடக் கொடுப்பதாக இருந்தால், உள்பக்க மடிப்புகளின் படத்தைக் கேளுங்கள். நாற்பது வயதான அட்டை உள்ளே பழுத்திருக்கும்.

ஒளிரும் குழாய்த் திரைக் கருவிகள்

கேம் அண்ட் வாட்ச்சில் தொடங்கியவர்கள் சீக்கிரமே அதன் காலத்துச் சகாக்களிடம் போவார்கள்: கோலிகோ வெளியிட்ட குட்டி ஆர்கேடு 'பாக்-மேன்', 'கேலக்ஸியன்', பிரிட்டனில் கிராண்ட்ஸ்டாண்ட் விற்ற 'ஆஸ்ட்ரோ வார்ஸ்'. இவற்றில் இருப்பது எல்.சி.டி. அல்ல, வெற்றிடக் குழாயில் பச்சையும் சிவப்புமாக ஒளிரும் திரை. இதற்கு ஓர் அருமையான சோதனை உண்டு, மின்சாரமே வேண்டாம். கண்ணாடிக் குழாயின் மூலையில் வெள்ளி பூசியதுபோல் ஒரு திட்டு இருக்கும். அது வெள்ளியாகப் பளபளத்தால் குழாய்க்குள் வெற்றிடம் இருக்கிறது. பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, குழாய் செத்துவிட்டது. பல மாடல்களில் முகப்பைக் கழற்றாமல் இது தெரியாது. கழற்றத் தயாராக இருக்கும் விற்பனையாளர் கிடைத்தால் கேளுங்கள்.

இவற்றோடு வரும் அடாப்டரில் கவனம் தேவை. அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கும் செய்தது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் புகைந்துவிடும். முனையில் நேர், எதிர் மாறியிருக்கும் அடாப்டர்களும் உண்டு. கருவியைச் செல் போட்டே முதலில் ஓட்டுங்கள்.

ஏலம் கேட்கும் நேரம்

ஈபேயில் நீங்கள் எழுதும் தொகை உடனே விலையாகிவிடாது. உங்கள் உச்ச வரம்பை அது ரகசியமாக வைத்துக்கொண்டு, அடுத்தவரை விஞ்ச எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் ஏற்றும். அப்படியானால் முதல் நாளே உச்ச வரம்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் தொல்லை. முன்கூட்டியே போட்டால், மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி உங்கள் வரம்பு எங்கே என்று துழாவுவார்கள். ஒரு டாலர் கூட்டிப் பார்ப்பது, இன்னும் ஒரு டாலர் என்று கடைசி நாள்வரை இழுப்பது. குறிப்பிட்ட நொடியில் ஏலம் முடிந்துவிடுவதால் கடைசி நொடியில் கேட்பவருக்கே சாதகம். பொருளியல் அறிஞர்கள் ஆல்வின் ராத், ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில் இதை அன்றைய அமேசான் ஏலத்தோடு ஒப்பிட்டார்கள். அமேசானில் கடைசி 10 நிமிடத்தில் யாராவது கேட்டால் ஏலம் நீண்டது. அங்கே கடைசி நேரக் கேள்விகள் வெகு குறைவு, ஈபேயில் குவிந்து கிடந்தன.

ஆகவே உங்கள் வரம்பை முன்பே தாளில் எழுதிவையுங்கள். கடைசிப் பத்து நொடிக்குள் ஒரே முறை கேளுங்கள். முழு எண்ணாகக் கேட்காமல் 81 டாலர் 37 சென்ட் என்பதுபோல் கேளுங்கள். 80 என்று நின்றவர்களை அது தாண்டிவிடும். தோற்றால் எழுந்துபோய்விடுங்கள். மறுபடி கேட்கும் விரல்தான் எல்லா நஷ்டத்துக்கும் காரணம்.

நேர வித்தியாசம் நமக்கு ஒரு தனிப் பாடு. அமெரிக்க விற்பனையாளர்கள் ஞாயிறு மாலை ஏலம் முடியும்படி வைப்பார்கள். கலிஃபோர்னியாவில் ஞாயிறு மாலை 6 மணி என்பது நமக்குத் திங்கள் காலை 6.30, அங்கே குளிர்காலம் என்றால் 7.30. பிரிட்டனில் இரவு 9 மணி என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி 1.30 அல்லது 2.30. அந்த நேரத்துக்கு விழித்திருக்க வேண்டியதில்லை, கடைசி நொடியில் நமக்காகக் கேட்டுக்கொடுக்கும் செயலிகள் இருக்கின்றன. அரைத் தூக்கத்தில் கேட்பதைவிட அது நல்லது.

ஆள் வைத்து விலை ஏற்றுவது விதிப்படி தடை, ஆனாலும் நடக்கிறது. ஏல வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அவர் கேட்டவற்றில் எத்தனை சதவீதம் இதே விற்பனையாளரிடம் என்று காட்டும். பழைய மதிப்பீடே இல்லாத ஒருவர் நூறு சதவீதம் ஒரே விற்பனையாளரிடம் கேட்டு உங்களை விரட்டுகிறார் என்றால் விலகிவிடுங்கள். தோற்ற மறுநாளே "வென்றவர் பணம் கட்டவில்லை, உங்கள் விலைக்கே தருகிறேன்" என்று கடிதம் வந்தால் அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வேண்டும் என்றால், அந்தப் பெயர் ஏற்றிவிட்ட விலையைக் கழித்துக் கேளுங்கள்.

இதற்கு நேர்மாறான அநியாயமும் உண்டு. நாம் மலிவாக வென்றுவிட்டால், "பார்சல் கட்டும்போது கீழே விழுந்து உடைந்துவிட்டது" என்று பணத்தைத் திருப்பிவிடுவார்கள். நான் வென்ற ஓர் இரட்டைத் திரைக் கருவி அப்படித்தான் 'உடைந்தது'. சில வாரத்தில் அதே கீறலோடு அதே படத்தோடு அதே விற்பனையாளரிடமே நிலையான விலையில் திரும்ப வந்தது. இதைப் புகார் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் பொருள் கைக்கு வராது. மதிப்பீடுகளைப் படிக்கும்போது பாராட்டுகளைத் தள்ளிவிட்டுக் குறைகளை மட்டும் படியுங்கள். 'வென்ற பிறகு ரத்து செய்தார்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் அவரிடம் ஏலம் கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஜப்பான்

பிறந்த நாட்டில்தான் இவை அதிகம், நல்ல நிலையிலும் அதிகம். யாஹூ ஜப்பான் ஏலத்தில் நேரடியாக வாங்க முடியாது. பையீ, ஸென்மார்க்கெட் போன்ற இடைநிலை நிறுவனங்கள் நம் பெயரில் வாங்கி, தங்கள் கிடங்கில் சேர்த்து அனுப்பும். அங்கே பெரும்பாலான ஏலங்கள் கடைசி 5 நிமிடத்தில் யாராவது கேட்டால் இன்னும் 5 நிமிடம் நீளும். கடைசி நொடித் தந்திரம் எடுபடாது, வரம்பு மட்டுமே காப்பாற்றும்.

ஜப்பானிய விற்பனையாளர்களின் நேர்மையைப் பலரும் புகழ்கிறார்கள். அந்தப் புகழ்ச்சியில் நியாயம் உண்டு. கீறலைக்கூட நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுவார்கள். ஆனால் 'ஜங்க்' என்று வகைப்படுத்திவிட்டால், எந்தப் புகாரும் எடுபடாது, திருப்பியும் வாங்க மாட்டார்கள். ஓடும் கருவியையும் பாதுகாப்புக்காக ஜங்க் என்றே போடுகிறவர்கள் உண்டு, சுத்தமாகச் செத்ததையும் அப்படியே போடுவார்கள். இங்கே படம்தான் பேசும். திரையில் உருவங்கள் தெரியும் படம் இருந்தால் துணிந்து கேட்கலாம்.

செலவைக் கூட்டும்போது எதையும் விட்டுவிடாதீர்கள்: ஏல விலை, இடைநிலைக் கட்டணம், ஜப்பானுக்குள் அஞ்சல், அங்கிருந்து இங்கே அஞ்சல், சுங்க வரி. வரி, பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் சேர்த்துப் போடப்படும். ஒற்றைக் கருவியாக வரவழைத்தால் அனுப்பும் செலவே பொருளின் விலையைத் தாண்டலாம். மூன்று நான்கு சேர்ந்த பிறகு ஒன்றாக அனுப்பச் சொல்லுங்கள்.

பார்சல்

வென்றவுடன் விற்பவருக்கு எழுதுங்கள்: செல்லைக் கழற்றிவிடுங்கள், குமிழி உறை சுற்றுங்கள், அசல் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் வையுங்கள். இதை எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று சேகரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். 1982இன் அசல் அட்டைப்பெட்டி மீதே முகவரிச் சீட்டை ஒட்டி, தபால் நாடாவைச் சுற்றி அனுப்பியிருப்பார்கள். நாற்பது ஆண்டுகள் ஒரு வீட்டில் பத்திரமாக இருந்தது ஒரே அஞ்சலில் பாழாகும். அதைப் பிரிக்கும்போது வரும் வருத்தத்துக்கு எந்தப் பணமும் ஈடில்லை.

பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பிரித்த அன்றே புதுச் செல் போட்டு, ஏ.சி.எல். அழுத்தி, இரண்டு ஆட்டம் முழுவதும் ஆடிப் பாருங்கள். எல்லாப் பித்தான்களும், அலாரம் ஒலியும் சேர்த்து. ஈபேயின் பணம் திருப்பும் பாதுகாப்புக்குப் பொருள் வந்ததிலிருந்து 30 நாள் கெடு. அலமாரியில் வைத்துவிட்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கெடு போய்விடும். கோளாறு இருந்தால், வீடியோவையும், வாங்குமுன் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு விற்பவர் எழுதிய பதில்களையும் இணைத்து, அந்தத் தளத்தின் செய்திப் பெட்டி வழியாகவே அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று விற்பவர் கூப்பிட்டால் போகாதீர்கள். தளத்துக்கு வெளியே பேசியது எதுவும் சாட்சியாக நிற்காது.